எழுபத்தெட்டில் ஒன்று

மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, அடுப்புப் பற்றவைக்கும் முன்பு சீட்டுக் கலைப்பாள். அடுக்களையில் பலகைமேல் உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடி, கட்டின் நடுவிலிருந்து ஒரே ஒரு சீட்டை உருவுவாள். அதைப் பார்த்த பிறகுதான் தீப்பெட்டியைத் தேடுவாள். என் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு மாதம் கழிந்த காலையில்தான் நான் இதை முதலில் பார்த்தேன். மாதா சுரூபம் இருக்கிற வீட்டில் இதென்ன கூத்து என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டி மிரட்டி வந்த பழக்கம்.

“மெதுவாப் பேசுட்டி. கோயில்ல போய்ச் சொல்லிராத” என்றாள் மைனி. “இது இல்லேன்னா நான் பாயில இருந்து எழும்பவே மாட்டேன், பாத்துக்க.”

அந்தச் சீட்டுக்கட்டை அண்ணன்தான் துபாயில் படகு வேலைக்குப் போயிருந்தபோது வாங்கி வந்தான். விளையாட்டுச் சீட்டு என்று நினைத்து வாங்கியிருக்கிறான் மடையன். கூட்டாளிகளைக் கூட்டி வைத்து, இருபத்தெட்டு ஆடலாம் என்று கட்டைப் பிரித்தால் இஸ்பேடும் இல்லை, கிளாவரும் இல்லை. வாள், கம்பு, கிண்ணம், நிலா, தலைகீழாகத் தொங்குகிற ஒருத்தன்! எண்ணினால் எழுபத்தெட்டுச் சீட்டு. “ஏலே, இது மந்திரவாதிக்க கட்டுல்லா!” என்று ஒருவன் சொல்ல, தெருவே சிரித்தது. டாரட் என்று பேர், குறி பார்க்கிற சீட்டு என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணனுக்குக் கொஞ்ச காலம் ‘மந்திரவாதி’ என்றே பேராகிவிட்டது. அவனும் அதற்கு ஏற்றாற்போல் வாயில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டு நடப்பான்.

அண்ணன் போனது அந்த வருஷப் புயலுக்கு நான்கு நாள் முன்னால் கிளம்பிய விசைப்படகில். எட்டுப் பேர் போனார்கள். ஒருவரும் வரவில்லை, படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. தலை வாராமல், சாப்பிடாமல், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் பக்கத்தில் அழுதாலும் திரும்பாமல் கிடந்த மைனி, ஒருநாள் அண்ணனின் பெட்டியைக் குடைந்து இந்தக் கட்டை எடுத்திருக்கிறாள். அர்த்தம் தெரியாது, கேட்க ஆளும் இல்லை. தானே பேர் வைத்துக்கொண்டாள். விளக்குப் பிடித்து நிற்கும் கிழவர் ‘வெளக்குப் பாட்டா’. அவர் வந்தால் அன்று கோயில். சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் பெண் ‘சிங்கக்காரி’. அவள் வந்தால் பஸ் ஏறி நாகர்கோவில் போய், தேடினீர்களா இல்லையா என்று அதிகாரிகளிடம் சண்டை. கிண்ணம் வந்தால் வீடு கழுவி, மகளுக்குப் பிடித்த மீன்குழம்பு. ஒரு வள்ளத்தில் பெண்ணொருத்தி குனிந்து உட்கார்ந்திருக்கும் சீட்டும் உண்டு. அது வரும் நாளில் மட்டும் மைனி யாரோடும் பேசாமல் கடற்கரை மணலில் போய் இருந்துவிடுவாள். எப்படியோ ஒவ்வொரு நாளும் கழிந்தது. எனக்கும் கோபம் போய்விட்டது.

கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அந்தச் சீட்டுக்கட்டில் ஒரு எலும்புக்கூடு இருந்தது. வெள்ளைக் குதிரைமேல் வருகிறது. காலடியில் ராஜா செத்துக் கிடக்கிறார், உயரத் தொப்பி வைத்த ஆயர் எதிரில் நின்று கும்பிடுகிறார். ஆயரே கும்பிட்டும் அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. மைனி அதற்கு ‘எலும்புக்காரன்’ என்று பேர் வைத்திருந்தாள். அதுவரை அவள் கைக்கு அது வந்ததில்லை. ஒருநாள் வந்துவிட்டால் மைனி என்ன செய்வாள்? கடல் வீட்டிலிருந்து கூப்பிடுதூரம். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் நான் அந்தச் சீட்டை உருவி, என் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்து, நான் குடியிருக்கும் தக்கலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்து பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன், மூதேவி.

மறு வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களின் பேரைப் பூசையில் வாசிப்பார்கள். மற்ற ஏழு வீட்டிலும் பேர் கொடுத்துவிட்டார்கள். பங்குத்தந்தை வீட்டுக்கே வந்து மெதுவாகக் கேட்டார். “இப்ப வேண்டாம் ஃபாதர்” என்றாள் மைனி. அவர் போனதும், “எத்தன காலத்துக்கு மைனி இப்பிடி?” என்று நான் கேட்டேன்.

“எலும்புக்காரன் வரட்டு மக்கா. அவன் வாற அன்னைக்கு நானே போய்ப் பேரக் குடுத்துருவேன். மாதாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு வருசமாச்சி, வரல்ல பாத்தியா? அப்போ ஒனக்க அண்ணன் எங்கயோ உண்டும்.”

சீட்டை எண்ணிப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. தினமும் எழுபத்தேழைக் கலைத்துக்கொண்டு எழுபத்தெட்டாவதற்காகக் காத்திருக்கிறாள், அது என் பீரோவில் கிடக்கிறது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போனேன். சொன்னால் அவளுடைய ஒரு வருஷ நம்பிக்கையும் என் திருட்டால் வந்தது என்றாகிவிடும். சொல்லாமல் சீட்டுக்கட்டுக்குள் திரும்பச் செருகிவிடலாம். ஒருமுறை கட்டைக் கையில் எடுத்தேவிட்டேன். செருகினால் என்றைக்காவது அது வரும். வருகிற அன்று அண்ணனைக் கொன்றது கடல் இல்லை, நான். அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது வராமல் இருப்பது எனக்கும் வேண்டியிருந்தது. திருடியவள் நான்தான் என்று தெரிந்தும், இன்றைக்கும் வரவில்லை என்று மைனி போனில் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் ஆறும். இப்படியொரு பைத்தியம் உண்டா? வருஷங்கள் போய்விட்டன.

போன மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “கார்டு அடிக்கிற வேலைய நீ பாத்துக்க மக்கா, எழுத்துப்பிழ வராமப் பாத்துக்க” என்றாள் மைனி. தக்கலையில் அச்சகத்துக்காரர் திருத்துவதற்கு ஒரு பிரதியை நீட்டினார். பெற்றோர் பேர் இருக்கும் வரியில் விரலை வைத்து, “டீச்சர், பொண்ணுக்க அப்பா உண்டா, இல்லியா? இல்லேன்னா முன்னால ‘காலஞ்சென்ற’ போடணும்லா” என்று கேட்டார். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எனக்கு அந்த ஒரு சொல்லுக்கே வெந்தது.

“உண்டு. பேர மட்டும் போடுங்க” என்றேன்.