எக்ஸ்ரே கட்டிய பை

விமான நிலையத்தில் ஊரார் பையைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். பெட்டிகள் பட்டையில் ஊர்ந்து இயந்திரத்துக்குள் நுழையும். உள்ளே இருப்பதெல்லாம் அவர் முன்னால் இருக்கும் திரையில் நிறம் நிறமாக விரியும். நீலம் என்றால் இரும்பு, நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் சோப்பு, துணி, ரொட்டி என்று சாதுவான சாமான். ஆகாத பொருள் எது என்று மூளை யோசித்து முடிப்பதற்குள் கை அதை எடுத்து வெளியே வைத்திருக்கும். குடியிருப்பில் அவருக்கு எக்ஸ்ரே என்றே பெயர்.

பையைப் பிரிப்பதில் புலியான இந்த மனிதருக்கு ஒரு பையைக் கட்டத் தெரியாது என்பது அந்தச் சனிக்கிழமை மாலைதான் வீட்டுக்குத் தெரிந்தது.

எல்லாம் மகளால் வந்தது. அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த வாரம் கிளம்புகிறாள். அதற்கு முன் நண்பர்களோடு கடைசியாக ஒருநாள் ராணுவ விளையாட்டு. காட்டோரத் திடலில் இரண்டு அணிகள், பேட்டரியில் ஓடும் பொம்மைத் துப்பாக்கி, தண்ணீரில் ஊறிய ஜெல் குண்டு, காலையிலிருந்து மாலைவரை சண்டை. அணியில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது.

"நீங்க வரீங்களாப்பா?" என்று கேட்டவள், அவர் வாயைத் திறக்குமுன் தானே சேர்த்துக்கொண்டாள். "ஷிஃப்ட் இருந்தா பரவாயில்லப்பா."

அந்தப் பரவாயில்லப்பா அவருக்கு நன்றாகப் பழக்கம். பள்ளி நாடகம், ஓட்டப் பந்தயம், பட்டமளிப்பு என்று ஒவ்வொரு முறையும் அவர் வேலையிடத்திலிருந்து போன் செய்வார், அவள் அதையே சொல்வாள். ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. வராத விருந்தாளியிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா? அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. இந்த முறை கையைக் காலைப் பிடித்து ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் சாமான்களைப் பரப்பி மகள் விளக்க ஆரம்பித்தாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"துப்பாக்கியெல்லாம் நான் எடுத்துக்கறேன். மீதி உங்க பொறுப்பு. இந்தச் சிவப்புத் துணி, குண்டு பட்டா தலைல போட்டுக்கணும். நீங்க விழுந்துட்டீங்கன்னு அர்த்தம்."

"செத்ததுக்கு அப்புறம் நானே போட்டுக்கணுமா?"

"வேற யாரு போடுவா? இந்த வெள்ளைத் துணிச் சுருள் மெடிக்குக்கு, அதான் டீமோட டாக்டருக்கு. விழுந்தவங்க கையில அவர் இதைக் கட்டினா எழுந்து மறுபடி ஆடலாம்."

"அப்ப அவன் சாகலையா?"

"பாதிதான்பா செத்திருக்கான்."

அவர் திருதிருவென்று விழித்தார். மகள் கடுகு மாதிரி இருந்த மணிகளை வாளித் தண்ணீரில் கொட்டினாள். அவர் பேட்டரிகளோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவை பட்டாணி பருமனுக்கு ஊதி, வாளி நிறையப் பளபளத்தன.

"டீம் மொத்தத்துக்கும் நாளைக்குக் குண்டு இதுதான். டப்பால அடைச்சு வச்சிடுங்க."

"இது என்ன, தண்ணியா? கெட்டியா?"

"ஜெல்ப்பா."

அவர் முகம் சுருங்கியது. கைப்பையில் ஜெல் கூடாது என்று எடுத்து வைத்து அவர் பயணிகளிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. "சரி, பேட்டரி கைப்பையிலயா, பெட்டியிலயா?"

"நாம கார்ல போறோம்பா!"

"அது தெரியும். எதுல வைக்கறது?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "போருக்குப் போறவரே, மூட்டுவலித் தைலத்தை எடுத்து வச்சீங்களா?"

"அது எத்தனை மில்லி?" என்றார் அவர், விளையாட்டாக அல்ல.

வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தண்ணீர் பாட்டிலை வைத்தபோது கை கூசியது. கத்தரிக்கோலை வைத்தபோது யாரோ முறைப்பது போலிருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒருவழியாகத் திணித்து ஜிப்பை இழுத்தபோது வியர்த்துவிட்டது. சாமான் ஒன்றும் குறையவில்லை. மகள் பார்த்துத் தலையாட்டினாள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

காலையில் கீழே கார் ஒலி எழுப்பியது. "எதுக்கும் ஒருதடவை பார்த்துடலாம்" என்று தூக்கக் கலக்கத்தோடு வாசலில் குனிந்து பையைத் திறந்து பார்த்தார். மூடினார். பை முன்பைவிட லேசாக இருந்தது. அனுபவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

திடலில் அணியினர் துப்பாக்கிகளோடு சுற்றி நின்றார்கள். மகள் பையைத் திறந்தாள். கண்ணாடிகள், பேட்டரிகள், கையுறைகள், சிவப்புத் துணிகள், வெள்ளைச் சுருள்கள். கையை அடிவரை விட்டுத் துழாவினாள்.

"குண்டு எங்கப்பா?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். கட்டினேனே! நேற்று நானேதானே கட்டினேன்! அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள்.

"செருப்பு அலமாரி மேல ஜெல் டப்பா, தண்ணி பாட்டில், தைலம், கத்தரிக்கோல் எல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்களே, இது யாருக்கு?"

விமானத்தில் ஏற்ற ஒரு குறையும் சொல்ல முடியாத பை அது. சண்டைக்குத்தான் உதவாது. அவருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்லப்பா" என்றாள்.

கத்தியிருந்தால் தேவலை. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றும் அதே சொல்தானா?

எதிரணி சிரித்துக்கொண்டே ஒரு டப்பா குண்டு கடன் கொடுத்தது. அது மற்றவர்களுக்கே பற்றாது. "அப்பா, நீங்க மெடிக்கா இருங்க. அதுக்குத் துப்பாக்கி வேணாம்" என்று வெள்ளைச் சுருள்களை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். "நம்ம ஆளுங்க கையில நீலப் பட்டை, அவங்களுக்கு ஆரஞ்சு. ஞாபகம் வச்சுக்கோங்க!"

ஞாபகம் வைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் விசில் ஊதியதும் யார் யாரைச் சுடுகிறார்கள், யார் ஓடுகிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. புதரோரம் ஒரு இளைஞன் தலையில் சிவப்புத் துணியோடு கிடந்தான். கையில் ஆரஞ்சுப் பட்டை. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஆரஞ்சைக் கண்டதும் அவர் மனசு தானாக அமைதியாகிவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டு நிதானமாக, அழகாக முடிச்சுப் போட்டார்.

இளைஞன் கட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அங்கிள், நான் உங்க டீமே இல்ல. ஆனாலும் ரொம்ப தேங்க்ஸ்" என்று எழுந்து ஓடினான். அடுத்த நிமிஷம் சடசடவென்று சத்தம்.

"அப்பா!"

குண்டு பட்டு விழுந்தால் மெடிக் என்றுதான் கத்த வேண்டும், காலையிலேயே சொல்லியிருந்தார்கள். மகள் அப்பா என்று கத்தினாள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூட்டு வலித்தது. தவறான மரத்தடிக்கு ஓடி, திரும்பி, முள்ளில் சட்டை மாட்டி, கிழித்துக்கொண்டு ஓடினார். பள்ளத்தில் சிவப்புத் துணியோடு அவள் படுத்திருந்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்து அவள் கையைத் தேடினார். சுருள் பிரியவே மாட்டேன் என்றது.

"எவ்வளவு நேரமாக் கத்தறேன்!" அவள் கண்ணில் நிஜமான கோபம். "எங்கப்பா போனீங்க? யார் யாருக்கோ கட்டுப் போட உங்களுக்கு நேரம் இருக்கு. நான் கூப்பிட்டா வர இவ்வளவு நேரமா?"

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். இப்போது பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாளோ என்று அவர் பயந்துபோய்க் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

"நீ பாட்டுக்குத் திட்டும்மா" என்றார் அவர். முடிச்சு இறுகவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டார். "நான் கட்டிக்கிட்டே கேக்கறேன்."