பேப்பரில் வந்த தங்கச்சி

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள் நாகலெட்சுமி. வாய்க்காரி. கங்காணி ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பதில் கொடுப்பாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் யாருக்காவது அநியாயம் நடந்தால் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

1958இல் தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில், பாணந்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கச்சி பேச்சியம்மாவின் வீடு எரிந்தது. புருஷன் பழனியாண்டி வெட்டுக்காயத்தோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கைக்குழந்தையோடு அவள் ரயிலேறி நானுஓயாவில் வந்து இறங்கினாள். நாகலெட்சுமி அழைத்துவரப் போனபோது, கேமராவோடு ஒருவன் வந்திறங்கிய சனத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மா கூச்சத்தில் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள்.

லயத்துச் சனம் அவளை நன்றாகத்தான் ஏற்றுக்கொண்டது. பக்கத்து அறையான காம்பராவில் இருந்த அழகம்மா சேலை கொடுத்தாள். வேறு யாரோ மாவு கொண்டுவந்தார்கள். பிள்ளை கைமாறிக் கைமாறி எல்லா வாசலுக்கும் போய்வந்தது.

அப்புறம் அந்தப் படம் ஒரு சிங்களப் பேப்பரில் வந்தது. கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி அதைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விரித்து, தமிழில் சொன்னார்: "இந்தியாவுல இருந்து களவாத் தோணியில வந்தவங்க, தோட்டத்துக்குள்ள பூந்து ஒளியிறாங்கன்னு போட்டிருக்கு." படத்தில், முகத்தை மூடியபடி பேச்சியம்மா. மறைத்த முகமே அவளைக் குற்றவாளியாகக் காட்டியது.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சியம்மா குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அழகம்மா, இது என் தங்கச்சின்னு ஒனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லித்தானே தெரியும்? பேப்பருல படமே போட்டுருக்கே. பொலிஸ் வந்தா எங்களையும்ல சேத்துப் பிடிப்பான்."

ஊரெல்லாம் தோட்டத்துச் சனத்தையே கள்ளத்தோணி என்றுதான் ஏசியது. அந்தச் சொல்லை நேற்றுவரை வாங்கிக்கொண்டிருந்தவர்களே இன்று அதைப் பேச்சியம்மா மேல் போட்டார்கள். நாகலெட்சுமியின் புருஷன் செல்லசாமி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். "இவ நம்ம சொந்தம்னு தெரிஞ்சா நம்மளையும் சந்தேகப்படுவாங்க," என்று ஓயாமல் சொன்னான்.

இரண்டு நாளில், கங்காணிக்கும் மேலே இருந்த தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா பெரட்டுக்கு வந்தார். பேச்சியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"நாகலெட்சுமி, இந்தப் பொம்பள ஒனக்கு யாரு?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மற்றவர்களுக்காக அத்தனை தடவை திறந்த வாய் அப்போது இப்படிச் சொன்னது:

"சொந்தமில்லீங்க ஐயா. ஸ்டேசன்ல அழுதுக்கிட்டு நின்னுச்சு. பாவம்னு கூட்டியாந்தேன்."

ஐயா அதைக் குறித்துக்கொண்டு போனார், அவளை வெளியேற்றச் சொல்லவில்லை. பேச்சியம்மா அழவில்லை. சண்டை போடவுமில்லை. அக்காவின் பொய்யை அவளே காப்பாற்றினாள். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் நாகலெட்சுமியை அக்கா என்னாமல், அந்நியரைக் கூப்பிடுவதுபோல் "ஏங்க" என்றே கூப்பிட்டாள். காம்பராவுக்குள் கதவைச் சாத்திய பிறகும் அப்படியே கூப்பிட்டபோதுதான் நாகலெட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகு அவள் கங்காணியை எதிர்த்துப் பேசியதில்லை. யாராவது முன்னால் தள்ளினாலும் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

பழனியாண்டி தேறி வந்ததும் அவர்கள் வலப்பனைக்குப் போய்ச் சின்னதாக மரக்கறிக் கடை போட்டார்கள். பேப்பர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பற்றி மறுபடி ஒரு வரிகூட எழுதவில்லை. செல்லசாமியின் மனுவும் தள்ளுபடியாகித் திரும்பி வந்தது.

ஐந்து வருடம் கழித்துத்தான் நாகலெட்சுமிக்கு வலப்பனைக்குப் போகத் துணிவு வந்தது. கடையில் பேச்சியம்மா வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். பிளேன்டீ கொடுத்தாள். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் வந்து, "யாரும்மா இவங்க?" என்று கேட்டாள்.

"கலவரத்தப்போ நமக்கு எடம் குடுத்தவங்க."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல கண்ணு, நான் ஒன் பெரியம்மா," என்றாள் நாகலெட்சுமி.

பிள்ளை நம்பாமல் அம்மாவைப் பார்த்தது.

பேச்சியம்மா தராசுத் தட்டிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். திரும்ப அதையே வைத்தாள்.

"ஆமா," என்றாள், நிமிராமல்.