நெலிதாவின் மூன்றுக்கு ஐந்து அட்டை

எங்கள் கல்லூரியில் ஒரே பாடத்தை மூன்று தடவை படிக்கலாம். மூன்றிலும் தோற்றால் நாலாவது தடவை கிடையாது. கல்யாணத்துக்குக்கூட இந்தப் பக்கம் அப்படிச் சட்டம் இல்லை. என் மச்சான் நாலு பேரைக் கட்டியிருக்கிறான், ஐந்தாவதுக்கும் கண் வைத்திருக்கிறான். அல்ஜீப்ரா மட்டும் மூன்றோடு சரி.

2013 கோடையில் நெலிதா பர்ராகான் அந்த மூன்றாவது தடவைக்கு வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருடமாகத் தட்டு நிரப்புகிறவள். என் மகளுக்கு ஞானத்தாய், அதனால் நான் அவளைக் கொமாத்ரே என்பேன், அவள் என்னைக் கொம்பாத்ரே என்பாள். நான் அந்தக் கல்லூரியின் கணக்குக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவன். பலகையையும் நான்தான் துடைப்பேன். என்னைவிட அதிகமாக அல்ஜீப்ராவை அழித்தவன் கலிபோர்னியாவிலேயே இருக்க மாட்டான். அதில் ஒரு வரி எனக்குப் புரிந்திருந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

சமையலறை மேலாளர் துத்ரா அம்மா ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டு வருடப் பட்டம் வேண்டும். நெலிதா பதினோரு வருடமாகப் பாடம் பாடமாக முடித்து வந்தவள். வரலாறு முடித்தாள், மேடைப்பேச்சு முடித்தாள், எதற்கென்று தெரியாமல் மண் அறிவியலும் முடித்தாள். மிச்சம் இந்த இடைநிலை அல்ஜீப்ரா மட்டும். முதல் தடவை பாதியில் போவதை நிறுத்திவிட்டாள். போகாமல் இருந்தால் போதாது, அலுவலகத்தில் சொல்லிப் பேரை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தடவை கடைசிவரை போய் நேர்மையாகவே தோற்றாள்.

கோடை வகுப்பு என்றால் பதினெட்டு வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் வாயில் திணிப்பது. திங்கட்கிழமை தும்மினால் செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு அத்தியாயம் ஓடியிருக்கும். முதல் நாள் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். நாலாவது வாரம் பதினாலு பேர். மற்ற பிள்ளைகள் பேரை எடுத்துவிட்டு ஆற்றில் நீந்தப் போய்விட்டார்கள். இவ்வளவு தாமதமாகப் பேரை எடுத்தால் அதுவும் நெலிதாவுக்கு ஒரு தடவையாகத்தான் கணக்காகும். அதனால் ஒரு நாள் விடாமல் வந்தாள்.

கடைசி வாரம் தாழ்வாரத்தில் வாத்தியாரை மறித்தாள். மிஸ்டர் வாங் இருபத்தொன்பது வயதுப் பையன்.

"மிஸ்டர், நான் எங்க நிக்கிறேன்?"

"அறுபத்தெட்டுல நிக்கிறீங்க நெலிதா. மொத்தத்துல எழுபது வந்தாத் தேறிடலாம். கடைசிப் பரீட்சையில எழுபத்தஞ்சு எடுங்க, போதும்."

"பரீட்சையில பாத்து எழுதக் குறிப்பு அட்டை கொண்டுவரலாமா?"

"ஒரே அட்டை. மூணுக்கு அஞ்சு அங்குலம். கையால எழுதணும், என்ன வேணா எழுதலாம்."

என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடையில் பார்த்தேன். துணி மடிக்கிற மேசையில் நெலிதா உட்கார்ந்திருந்தாள். அங்கே துணி தைக்கிற பெண்ணிடம் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கி, அதன் கீழே ஊசி மாதிரிப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன கொமாத்ரே, எறும்புக்கு லெட்டர் போடுறீங்களா?"

"சும்மா இருங்க. ஆறு வாரமும் இதுக்குள்ள ஏறணும்."

"அப்படியே நம்ம பாதிரியார் பிரசங்கத்தையும் ஏத்துங்க. ஓரத்துல எடம் இருக்கு."

"உங்க துணி சுத்தி முடிச்சு ஒரு மணி நேரமாச்சு, போய் எடுங்க. எவனாவது உங்க ஓட்ட ஜட்டியத் தூக்கிட்டுப் போயிடப் போறான்."

மூன்று மணி நேரம் எழுதினாள். இரண்டு பக்கமும் ஓரத்தில்கூட வெள்ளை இல்லை. ஆயிரம் வரி இருக்கும் என்று நான் சொன்னால் குறைத்துத்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பரீட்சை. நான் வேண்டுமென்றே அந்தக் கதவுக்கு வெளியேதான் துடைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், பிள்ளைகள் அட்டையில் அஞ்சாறு வரியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நெலிதா அட்டையை மூக்குக்கிட்டே வைத்தாள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள். மருந்துக்கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். எழுந்துபோய் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி சலவைக்கடையில் இருக்கிறது. ஒரே இடத்தை நான் பதினேழு தடவை துடைத்தேன். அவள் இன்னும் அட்டைக்குள் தேடிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தபோது பரீட்சைத்தாளின் கடைசி இரண்டு பக்கமும் எழுதாமலே கிடந்தன.

மறுநாள் மதிப்பெண் வந்தது. பரீட்சையில் ஐம்பத்தொன்பது, மொத்தம் அறுபத்தைந்து.

"தேடாம எழுதியிருந்தா வந்திருக்கும்," என்றார் மிஸ்டர் வாங். "பாதிக் கணக்கு உங்களுக்கே தெரியும் நெலிதா."

"தெரியும்னு எனக்குத் தெரியாதே மிஸ்டர்," என்றாள்.

நாலாவது தடவைக்கு ஒரு மனு உண்டு என்று யாரோ சொல்ல, கல்லூரி அலுவலக ஜன்னலில் போய் வாங்கினோம். நடுவில் பெரிய கட்டம். உங்கள் கைமீறி நடந்தது என்ன, நோயா, விபத்தா, குடும்பத்தில் சாவா, ஆதாரம் இணைக்கவும்.

"என்னைச் செத்துட்டதா எழுதுங்க கொமாத்ரே," என்றேன். "நான் வந்து இல்லேன்னு சொல்லப்போறதில்ல."

"ஆதாரம் கேக்குறாங்க."

"என் மூஞ்சி போதாதா?"

எதற்கும் சிரிக்கிறவள், சிரிக்கவில்லை. பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே கொம்பாத்ரே. ஒரு நாள் காய்ச்சல்கூட இல்ல. ஆறு வாரமும் நல்லாத்தான இருந்தேன்."

அவள் காலித் தாளை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே இருந்த பெண் நல்ல பெண்தான்.

"பரவாயில்ல அம்மா. வேற ஏதாவது பாடத்துல பேர் போட்டுரட்டுமா?"

"வேற பாடம் எதுவும் மிச்சமில்லம்மா," என்றாள் நெலிதா.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி சமையலறை திறந்தது. துத்ரா அம்மாவின் நாற்காலியில் வேறு ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். நெலிதா தலையில் வலையை மாட்டிக்கொண்டு தட்டு வரிசைக்குப் போய் நின்றாள்.