தரை டிக்கெட் வாசலும் மூன்று வித்தைகளும்

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு டிக்கெட்டைக் கிழிப்பதுதான் வேலை என்று நினைத்தால், நீங்கள் இதுவரை எந்த வாசலிலும் நின்று சம்பளம் வாங்கியதில்லை என்று அர்த்தம். டிக்கெட் வைத்திருப்பவனுக்கு நான் தேவையே இல்லை. அவனே கிழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவான். டிக்கெட் இல்லாதவனுக்காகத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்கோ என்னைக் கண்டாலே ஆகாது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பஸ் படி என்று எங்காவது நின்று "விட முடியாதுங்க" என்று சொல்லிப் பிழைக்கிற அண்ணன் தம்பிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

என் கதை சின்னது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போனேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் போனேன். அதற்குப் பிறகு தினம் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தில் சைக்கிள் மிதித்து டவுனுக்கு வந்து, ஒரு டாக்கீஸில் தரை டிக்கெட் வாசலில் நின்றேன். வயது பதினேழு. உடம்பு எப்படி என்றால், மேனேஜர் கொடுத்த காக்கிச் சட்டைக்குள் என்னோடு இன்னொருவனும் நுழையலாம். இந்த வேலையும் போனால் வையம்பட்டியில் மாமாவின் மாவு மில்தான் என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். மாமாவை நான் பார்த்திருக்கிறேன். இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். மிஷின் சத்தத்தில் காது மந்தமாகி, "சாப்பிட்டியா" என்பதையே சண்டைக்கு வருகிற மாதிரிக் கத்துவார். அங்கே போகக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே லட்சியம்.

கன்னம்

ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்னி. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிற மாணிக்கம் வந்தான். ஆள் கதவு அகலம். நான் கையை நீட்டி "டிக்கெட்" என்றேன். அவன் கையைத் தூக்கினான். கன்னத்தில் ஒன்று வைத்தான். என் காதுக்குள் பாலத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது. அந்த ரயில் போய் முடிவதற்குள் அவன் உள்ளே போய், திரைக்கு முன்னால் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அடித்ததைக்கூட விடுங்கள். அடி விழுந்ததும் நானே பக்கவாட்டில் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன். அதை மேனேஜர் சாமிநாத பிள்ளை மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டார். இடைவேளையில் அறைக்குக் கூப்பிட்டார். "அடிச்சான், சரி. நீ ஏன்டா ஒதுங்கினே?" என்றார். "தானா ஒதுங்கிடுச்சு சார்" என்றேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தீபாவளிப் படம் வர்றதுக்குள்ள ஏதாவது ஒரு வித்தை கத்துக்கிட்டு வா. மறுபடி ஒதுங்கினேன்னு வையி, அந்த வாசலுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

யோசனை

எந்த வித்தை? அடுத்த நாள் சோடாக் கடைப் பக்கம் எல்லாரும் கூடிப் பேசினார்கள். நாற்காலி வாசலில் நிற்கிற பெரியசாமி அண்ணன், "குஸ்திதான். உடம்பு ஏறிச்சுன்னா பாதிப் பேரு பாத்ததுமே திரும்பிப் போயிடுவான்" என்றார். அவர் குஸ்தி போட்டதில்லை. அவருடைய மச்சினனின் சிநேகிதன் போட்டிருக்கிறானாம். ஆபரேட்டர் ஜோசப், "அதெல்லாம் பழைய காலம். பாக்ஸிங் கத்துக்க. ரெண்டே குத்து" என்றார். சோடாக்காரர் சிலம்பம் என்றார். மூன்று பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டதில் என்னை மறந்துவிட்டார்கள்.

பெண்கள் பக்கத்து வாசலில் நிற்கிற சரோஜா அக்கா மட்டும் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளை இதுவரை யாரும் அடித்ததில்லை. ஆனால் அவள் வாயால் அடி வாங்கினவர்கள் உண்டு. "அக்கா, நீங்க சொல்லுங்க, எது நல்லது?" என்றேன். தோலை ஊதிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

"மூணையும் கத்துக்கிட்டு வந்தாலும், இந்த மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் ஒண்ணு வைக்கணும்னுதான்டா தோணும்."

செம்மண்

முதலில் உறையூரில் ஒரு குஸ்திக் கோதாவுக்குப் போனேன். கோதா என்றால் செம்மண் குழி, மேலே கீற்றுக் கொட்டகை. அங்கே பயில்வான் பாய் என்று ஒருவர். கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்கு இல்லை. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை நீட்டினார். குழியைக் கொத்த வேண்டும், மண்ணில் எண்ணெயும் மோரும் ஊற்றிப் பிசைய வேண்டும், மறுபடி கொத்த வேண்டும். மூன்று வாரம் இதுதான். நடுநடுவே பெரிய பயில்வான்களுக்குக் கால் பிடித்துவிட வேண்டும். பாதாம், பால், நெய், ஆறு முட்டை சாப்பிடு என்றார்கள். எங்கள் வீட்டில் காலையில் பழையது. அம்மா என் வேட்டியை மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியாக ஊறப்போட்டாள்.

பொய் சொல்லக் கூடாது, மண் கொத்தியே தோள் கொஞ்சம் ஏறியது. ஆனால் நான் தோளுக்காகவா போனேன்? நாலாவது வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "பாய், ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சா குஸ்தியில என்ன செய்யணும்?" அவர் அதிர்ச்சியாகிவிட்டார். "குஸ்தியில அறையவே கூடாது பேட்டா. அறைஞ்சா அப்பவே அவன் தோத்தான்" என்றார். "அவன் தோத்துட்டான்னு அவனுக்கு யாரு பாய் சொல்றது?" என்றேன். பாய் கேலியாக இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்:

"ஏன், உங்க கொட்டாயில நடுவர் கிடையாதா?"

கம்பு

அதற்குப் பிறகு சிலம்பம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற கோவிந்தன், காலை வேளைகளில் கொள்ளிடம் மணலில் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். எட்டு மணிக்குத் தபாலாபீஸ் போக வேண்டும் என்பதால் எல்லாம் அவசரம், வணக்கம் ஒன்றைத் தவிர. வணக்கத்தில் மட்டும் அவர் அவசரப்படவே மாட்டார். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நாலு திசைக்கும் கும்பிட்டு, அப்புறம்தான் எதிராளி. வணக்கம் போடாமல் கை ஓங்கினால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் இரண்டு தடவை போனேன். அதன் பிறகு, எதிரே ஒருவன் சண்டைக்கு வந்து நின்றாலே என் கை தானாகத் தரைக்குப் போகிற அளவுக்குப் பழகிவிட்டது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். காலடி போடும்போது என் உடம்பு என்னுடையது மாதிரி இருந்தது. இதற்கிடையில் மாணிக்கம் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தான். மேனேஜர் அந்த நேரம் மாடியில் தூங்குவார். நான் டிக்கெட் கேட்பேன், அவன் கையை ஓங்குவான், நான் ஒதுங்குவேன். ஒரு ஞாயிறு கம்பை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். மாணிக்கம் தூரத்திலேயே பார்த்தான். நின்றான். திரும்பினான்! எனக்கு வந்த சந்தோஷத்தில் நாலு பேர் டிக்கெட்டை இரண்டு தடவை கிழித்துவிட்டேன். அந்த சந்தோஷம் இடைவேளை வரைக்கும் இருந்தது. இடைவேளையில் மேனேஜர் கம்பைப் பிடுங்கி அறையில் போட்டுப் பூட்டினார். பின்னாலேயே பெரியசாமி அண்ணன் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உன் கம்புக்குப் பயந்து அவன் என் வாசல்ல நுழைஞ்சுட்டான்டா. அவனுக்கு நாற்காலி கெடைச்சுது, எனக்கு இது கெடைச்சுது."

மூக்கு

பாக்ஸிங் பற்றி அதிகம் எழுத முடியாது, ஏனென்றால் அதிக நாள் நடக்கவில்லை. ஜோசப்புக்குத் தெரிந்தவர் டெரிக், பொன்மலை ரயில்வே காலனிக்காரர். "கையைத் தூக்கு மேன், மூஞ்சியை மூடு மேன்" என்றார். மூடினேன். மூடினால் எதிரே இருக்கிறவன் தெரியவில்லை. தெரியவில்லையே என்று கையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அன்று மாட்னிக்கு மூக்கில் பஞ்சோடு வாசலில் நின்றேன். புத்தூரிலிருந்து வாராவாரம் குடும்பத்தோடு வருகிற ஒரு வாத்தியார், டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். கண் நிறைய பரிதாபம்.

"ஏன் தம்பி, நேத்தும் யாருகிட்டயாவது டிக்கெட் கேட்டியா?"

தீபாவளி

புதுப் படம். கொட்டகைக்கு வெளியே ரோடு வரைக்கும் தலை. வெடிப் புகை, புதுத் துணி வாசனை, எண்ணெய் வைத்த முடி. மேனேஜர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றார், அன்றைக்குத் தூங்கவில்லை. மாணிக்கம் வருவான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒதுங்க மாட்டேன் என்று காலையிலேயே சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வாங்கினாலும் பரவாயில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நின்ற இடத்தில் நின்றுவிட்டால் போதும்.

வந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. என் எதிரே வந்து நின்று "ஒதுங்கு" என்றான். நான் ஒதுங்கவில்லை. சத்தியமாக ஒதுங்கவில்லை. ஆனால் என் எதிரே ஒருவன் வந்து நின்றுவிட்டானே! நான் நினைப்பதற்கு முன்னால் என் உடம்பு குனிந்துவிட்டது. வலது கை தரையைத் தொட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவன் கால் கட்டைவிரல் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முதல் திசைக்குக் கும்பிடுவதற்கு நிமிரப் போனேன். நிமிர முடியவில்லை. என் தலைமேல் ஒரு கை இருந்தது. கனமான கை, ஆனால் அடிக்கிற கை இல்லை. நான் காலில் விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டான். பின்னால் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனோ விசில் அடித்தான். மாணிக்கத்துக்குக் குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

"நல்ல நாளும் அதுவுமா கால்ல விழுந்துட்டே. நல்லா இருப்பா, நல்லா இரு."

பழைய ஆள், புது ஆள்

மேனேஜர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், வணக்கம் என்றால் என்ன என்று விளக்கியிருப்பேன். மறுநாள் மாணிக்கத்தைக் கூப்பிட்டு அந்த வாசலில் நிறுத்திவிட்டார். அவன் நின்றால் எவன் ஓசியில் நுழைவான்? கணக்கில் இரண்டு தடவை போன எனக்கே அந்தக் கணக்கு புரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி அழுதேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் மறைப்பது அசிங்கமாக இருக்கிறது.

கார்த்திகையில், வையம்பட்டி பஸ் ஏறுவதற்கு முன்னால், சொல்லிக்கொள்ளப் போனேன். என் காக்கிச் சட்டை மாணிக்கத்தின் தோளில் துண்டாகக் கிடந்தது. அவன் கை அதற்குள் நுழையவில்லையாம். இடது கன்னம் வீங்கியிருந்தது. "என்னண்ணே இது?" என்றேன். காலேஜ் பையன்கள், ஆறு பேராம். "நீங்க திருப்பிக் குடுக்கலியா?" என்றேன். "எங்க குடுக்கறது? படம் பாக்க வர்றவங்க மேல கை வெச்சா வேலை போயிடும்னு மேனேஜர் மொத நாளே சொல்லிட்டாரு" என்றான். பெண்கள் வாசலிலிருந்து சரோஜா அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாணிக்கம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தான்.

"நீ மூணையும் பாத்தவன். உண்மையச் சொல்லு தம்பி, எதுல சேந்தா நல்லது?"

ஆக, மூட்டை தூக்கினவன் டிக்கெட் கிழித்துக் கன்னத்தில் வாங்குகிறான், டிக்கெட் கிழித்த நான் வையம்பட்டி மில்லில் கம்பு மூட்டை தூக்குகிறேன், உறையூர் மண்ணில் ஏறிய தோள் இங்கேதான் முதல்முதலாக உபயோகப்படுகிறது.