இடுப்பு திரும்பாத டிரைவர்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு 'அம்பது' என்று பெயர். முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டியவர், ஒரு நாளும் வேகமானி முள்ளை ஐம்பதுக்கு மேல் ஏற விட்டதில்லை. பின்னால் வரும் லாரி ஹாரனை அலற விட்டாலும் சரி, முன் இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தை அவர் கண்ணில் படும்படி நீட்டி நீட்டிப் பார்த்தாலும் சரி, அம்பது அம்பதுதான். நடத்துநர்கள் வைத்த அந்தப் பெயர், அவர் ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் கூடவே வந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஊழியர் சங்க அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். புறவழிச்சாலை ஓரத்திலிருந்த கோல்ஃப் பயிற்சித் திடலில் செவ்வாய், வியாழன் காலைகளில் சங்க உறுப்பினர்கள் பந்து அடிக்கலாம். கூட ஒருவரை அழைத்து வரலாம். அந்தச் சாலையில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பார்! சிக்னலில் நிற்கும்போது, உயரமான வலைக்குப் பின்னால் வெள்ளைப் பந்துகள் எழுந்து விழுவதைப் பார்த்ததுண்டு. பச்சை விழுந்ததும் மறந்துவிடுவார்.

"அப்படி அங்க என்னதான் பண்றாங்கன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். மைத்துனரையும் அழைத்துப் போனார். அவர் மனைவியின் தம்பி, கண்ணாடி பொருத்துகிற வேலைக்காரர். ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகளைத் தூக்கி, திருப்பி, சட்டத்துக்குள் இறக்கி இறக்கி முறுக்குக் கம்பி போல ஆன உடம்பு.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது. மைத்துனர் அடித்த பந்து நூற்றெண்பது கெஜப் பலகையைத் தாண்டி உருண்டது. அம்பதின் பந்து நூற்று நாற்பதைத் தொட்டதுமே களைத்து உட்கார்ந்தது.

"அத்தான், பந்து கூட அம்பதுக்கு மேல போக மாட்டேங்குது பாருங்க" என்றார் மைத்துனர்.

"சிரி மச்சான், நல்லா சிரி. முப்பத்தோரு வருஷம் நான் டிரைவர். இன்னிக்குத்தான் டிரைவர் என் கைக்கு வந்திருக்கு" என்று அம்பது கையிலிருந்த நீள மட்டையைக் காட்டினார். தொலைதூரம் அடிக்கும் அந்த மட்டைக்கும் டிரைவர் என்றுதான் பெயர்.

சொன்னாரே தவிர, உள்ளுக்குள் உறுத்தியது. நான்கு மாதம் விடாமல் போனார். பிடியை மாற்றினார், நிற்கும் இடத்தை மாற்றினார், பக்கத்தில் அடிப்பவரிடம் யோசனை கேட்டார். பந்து நூற்று நாற்பதை விட்டு அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் குடையை மட்டையாக்கி ஓங்கி வீசிப் பார்த்தார். குடை நுனி அலமாரி மேலிருந்த பூச்சாடியைத் தட்டிவிட்டது. நொறுங்கிய சத்தம் கேட்டு உள்ளிருந்து மருமகள் வந்தாள்.

அவள் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையாளர். எலும்பு முறிந்தவர்களை நடக்க வைப்பதும், பக்கவாதம் வந்தவர்களைக் கை தூக்க வைப்பதும் அவள் வேலை. மகன் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தான். வருடத்தில் ஏழெட்டு மாதம் கடலில். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே, "சாப்பிட்டீங்களா மாமா?", "ஆச்சும்மா" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. மனத்தாங்கல் எதுவும் இல்லை. இருவருமே தாமாக வாய் திறக்காத ரகம்.

அவள் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "மாமா, தப்பா நினைக்காதீங்க. எப்பவும் இப்படித்தான் அடிக்கிறீங்களா?"

"ஏம்மா, எப்படி அடிச்சேன்?"

"வெறும் கையாலயே அடிக்கிறீங்க. இடுப்பும் முதுகும் சும்மா வேடிக்கை பார்க்குது."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முட்டியை அசைக்காமல், எவ்வளவு முடியுமோ அவ்வளவு வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். அவர் திரும்பினார். ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டியவர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த நாட்காட்டியோடு நின்றுவிட்டார்.

"இவ்ளோதானா?"

"இதுக்கு மேல திரும்பினா நான் நாற்காலியோட விழுந்துடுவேன்."

அடுத்து மல்லாந்து படுக்கச் சொல்லி, முட்டியை மடக்கித் தொடையை உள்ளேயும் வெளியேயும் சாய்த்துப் பார்த்தாள். இடது இடுப்பு மரக்கட்டையாக இருந்தது. மாமனார் தரையில் கிடக்க மருமகள் அவர் காலைப் பிடித்துச் சாய்ப்பதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்த அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முப்பத்தாறு வருஷமா நான் சொல்லி ஒரு வேலைக்குக் குனியாத மனுஷன். நீ படுன்னா படுக்கறார்" என்றார்.

மருமகள் விளக்கினாள். முப்பத்தோரு வருடம் அவர் முன்னால் மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பார்க்கக் கண்ணாடி இருந்தது. உடம்பைத் திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. பயன்படுத்தாத கதவின் கீல் இறுகிவிடுவதைப் போல முதுகு இறுகியிருக்கிறது. உட்கார்ந்தே இருந்ததால் பின்புறத் தசைகளில் வலு இல்லை. பந்தைத் தொலைவுக்கு அனுப்பும் விசை காலிலும் இடுப்பிலும் பிறந்து, முதுகு வழியாக ஏறிக் கைக்கு வர வேண்டும். அவருக்கு அது தோளில்தான் ஆரம்பிக்கிறது.

"முதல்ல உடம்பு திரும்பணும். அப்புறம் வலு ஏறணும். கடைசியிலதான் வேகம். இந்த வரிசைய மாத்தக் கூடாது மாமா."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பக்கவாட்டில் படுத்து மேல் கையைப் புத்தகம் விரிப்பது போல விரிப்பது, பக்கத்துக்கு எட்டு தடவை. தரையில் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் ஒரே பக்கம் சாய்ப்பது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, பத்து தடவை. ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. தினமும் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தாள்.

சாலையில் ஐம்பதைத் தாண்டாத மனிதர் இங்கே தாண்டினார். இருபது நிமிடம், முக்கால் மணி நேரமாயிற்று. பத்து, முப்பதாயிற்று. மூன்றாம் வாரம், வலுவும் வேகமும் இப்போதே வந்தால் என்ன என்று, தண்ணீர் நிரப்பிய கேனை இரண்டு கையாலும் பிடித்து பக்கத்துக்குப் பக்கம் வீசி ஆட்டினார். யாரும் சொல்லித் தராத பயிற்சி. மூன்றாம் நாள் இடது விலாவில் சுருக்கென்று ஏதோ பிடித்தது.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. உண்மையில் மூச்சு விடவே முடியவில்லை. ஆழமாக இழுத்தால் குத்தியது. தும்மல் வந்தால் மேசையைப் பிடித்துக்கொண்டார். சட்டையைக் கழற்ற முடியாமல் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக மாட்டிக்கொண்டு நின்றபோது மனைவி பார்த்துவிட, குட்டு வெளிப்பட்டது. அவர் நேராக மருமகளிடம் போய்ச் சொன்னார்.

அவள் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்பு என்றாள். கேனைப் பற்றிக் கேட்டாள். அவர் சொன்னார். அப்புறம் அந்த வீட்டில் அதுவரை கேட்டிராத ஒன்று கேட்டது: மருமகள் குரலை உயர்த்தினாள்.

"நான் எழுதிக் குடுத்தது எதுக்கு மாமா? தினமும் இருபது பேரைப் பார்க்கறேன். சொன்னதைச் செய்யாதவங்களை விட, சொன்னதுக்கு மேல செய்றவங்கதான் திரும்பத் திரும்ப வராங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கப்பல்ல இருக்கறவருக்கு நான் என்ன பதில் சொல்றது? இவளை நம்பி விட்டதுக்கு இப்படிப் பண்ணிட்டாளேன்னு அத்தை நினைக்க மாட்டாங்களா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. கண் கலங்கி உள்ளே போய்விட்டாள்.

வேலையில் இருந்த காலத்தில் அம்பதை அதிகாரிகள் திட்டியிருக்கிறார்கள், பயணிகள் ஏசியிருக்கிறார்கள். எதுவும் அவரை ஒட்டியதில்லை. இது வேறாக இருந்தது. தனக்காக ஒருத்தி பயந்திருக்கிறாள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. தானே தேநீர் போட்டு எடுத்துப் போய் அவள் அறை வாசலில் நின்றார்.

"தப்பு எம்மேலதாம்மா. பதறாத காரியம் சிதறாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே பதறிட்டேன். எத்தனை நாள் சும்மா இருக்கணும்னு சொல்லு, இருக்கறேன்."

"ஆறு வாரம்" என்றாள் அவள், தேநீரை வாங்கிக்கொண்டு. "சர்க்கரை போட மறந்துட்டீங்க."

ஆறு வாரமும் மட்டையைத் தொடவில்லை. திடலுக்குப் போய், மைத்துனர் அடிப்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். ஏழாம் வாரம், தாளின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை மனைவி மேற்பார்வை. காய்கறி நறுக்கிக்கொண்டே அவர் எண்ணுவார். எட்டு என்றால் எட்டு, ஒன்பதுக்குப் போனால் கத்தியை நீட்டுவார்.

இரண்டு மாதத்தில் நாற்காலியில் உட்கார்ந்து திரும்பினால் ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. அதன் பிறகே எடை. முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, பழைய பயணப்பெட்டியில் மகனின் பாடப்புத்தகங்களை நிரப்பித் தூக்கினார். முதலில் பத்துக் கிலோ, வாரம் இரண்டு நாள். மெல்ல மெல்ல இருபத்தைந்துக்கு வந்தது. கதவின் மேல் தாழ்ப்பாளில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஒரு காலை முன்வைத்து, மேலிருந்து கீழாகக் குறுக்கே இழுத்தார். ஐந்தாம் மாதம் அவள் மருத்துவமனையிலிருந்து கனமான பந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். பின்கட்டுச் சுவரில், பக்கவாட்டில் நின்று, இடுப்பை முதலில் திருப்பி அதை எறிய வேண்டும். ஆறு எறிகள், பிறகு ஓய்வு, மறுபடி ஆறு.

"களைச்சுப் போற வரைக்கும் எறியக் கூடாது. ஒவ்வொண்ணும் வேகமா இருக்கணும். வேகம் குறைஞ்சா நிறுத்திடணும்" என்றாள்.

"வேகமா போன்னு என்கிட்ட சொன்ன முதல் ஆள் நீதாம்மா."

"எல்லாரும் சொல்லியிருப்பாங்க. நீங்க கேட்ட முதல் ஆள் நான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பயிற்சி நேரங்களில் பேச்சு தானாக வளர்ந்தது. வார்டில் முதல் அடி எடுத்து வைத்த நோயாளியைப் பற்றி அவள் சொல்வாள். மழையில் பிரேக் பிடிக்காத வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை அவர் சொல்வார்.

சங்கம் அந்த வருடம் ஒரு போட்டி வைத்தது. அறுபது வயதைத் தாண்டிய உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வருபவர்களும் ஆளுக்கு மூன்று பந்து அடிக்கலாம். திடலில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே விழுந்தால் கணக்கில்லை. மருமகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தையோடு வந்திருந்தாள்.

மைத்துனரின் முதல் இரண்டு பந்துகளும் கோட்டைத் தாண்டி வலையில் போய் மாட்டின. மூன்றாவது உள்ளே விழுந்தது: நூற்றெண்பத்து மூன்று.

அம்பதின் முதல் பந்து நூற்று நாற்பத்தெட்டு. பதற்றத்தில் மறுபடி கையாலேயே அடித்துவிட்டார். மருமகளின் முகத்தைப் பார்த்ததுமே அது புரிந்தது. இரண்டாவது பந்துக்கு முன் ஒரு முறை மூச்சை விட்டு நின்றார். மட்டையை மேலே கொண்டுபோனார். முதுகு முழுதாகத் திரும்பியது. இறங்கும்போது இடது இடுப்பு முந்திக்கொண்டது, கை பின்னால் வந்தது. அடிபட்ட சத்தமே வேறு. பந்து தாழ்ந்து போய், பிறகு எழுந்து, கோடுகளின் நடுவே விழுந்து உருண்டது. அளந்தவர் கையை உயர்த்திக் கத்தினார்: "நூத்தி அறுபத்தேழு!"

மூன்றாவது பந்து நூற்று அறுபத்தொன்று. மொத்தத்தில் அவருக்கு ஐந்தாம் இடம். பரிசு மூன்று பேருக்குத்தான்.

"இன்னும் பதினாறு கெஜம் பாக்கி அத்தான்" என்றார் மைத்துனர். ஆனால் அவர் தோளில் தட்டிய தட்டில் கிண்டல் இல்லை.

"இருபத்தேழு கெஜம் கூடியிருக்கு மச்சான். அதைச் சொல்லு."

திரும்பும் வழியில் பேருந்தில் ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்தார். பின் இருக்கையிலிருந்த மருமகளிடம் பேச, அம்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே உடம்பைத் திருப்பி முழுதாகப் பின்னால் பார்த்தார். எதிர்சீட்டில் இருந்த சங்க உறுப்பினர், ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், அதைக் கவனித்துவிட்டு, "இதென்ன ஆந்தை மாதிரி திரும்பறே? எனக்குச் சட்டைக் காலரைப் பார்க்கவே கண்ணாடி வேணும்" என்றார். மருமகளிடம் அவரே பேசி, சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அவள் மாமனாரைப் பார்த்தாள். "வர்றேங்க. ஆனா சொன்னதுக்கு மேல யாரும் செய்யக் கூடாது" என்றாள்.

இப்போது சனிக்கிழமைகளில் பதினான்கு பேர் வருகிறார்கள். அவர்களில் கோல்ஃப் ஆடுபவர்கள் நான்கு பேர்தான்; மற்றவர்களுக்கு முதுகு திரும்பினால் போதும். தோளில் வலி வந்த பிறகு மைத்துனரும் வந்து சேர்ந்துகொண்டார். அம்பதுக்கு அறுபத்து மூன்று முடிந்துவிட்டது. நூற்று எழுபத்திரண்டு அவருடைய உச்சம். அதற்கு மேல் போகுமா என்று தெரியவில்லை. புத்தகப் பெட்டியை இந்த மாதம் முப்பது கிலோவாக்கலாமா என்று கேட்டார். "அடுத்த மாசம் பார்க்கலாம் மாமா" என்று மருமகள் சொல்லியிருக்கிறாள்.