தொலுயீன் தள்ளிய பாதரசம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தேன். திரவத்தின் ஆவி கொடுக்கும் அழுத்தமான ஆவியமுக்கத்தைக் கரும்பலகையிலேயே விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. நானே அதை ஒருநாளும் அளந்ததில்லை. பௌதிகம் படிப்பித்த டீச்சரிடம் இதைச் சொன்னேன். மெதடிஸ்த கோயிலடியில் குடியிருந்தவர், என் வயதுதான். அவரும் அளந்ததில்லையாம். விடுமுறையில் இருவருமாக இறங்கினோம்.

ஆய்வுகூடத்தில் மீற்றர் நீளக் கண்ணாடிக் குழாய், பாதரசம், அரைப் போத்தல் தொலுயீன் திரவம் எல்லாம் இருந்தன. குழாயைச் சுற்றி வெந்நீர் நிற்க அகலமான இன்னொரு குழாய்தான் இல்லை. கல்முனைக்குடியில் மின்சாமான் திருத்தும் என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுபவர், பழுதான டியூப்லைட் ஒன்றின் இரு முனைகளையும் வெட்டி, உள்ளே இருந்த வெள்ளைப் பூச்சைக் கழுவிக் கொண்டுவந்தார். வந்தவர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்.

பாதரசம் நிரப்பிய குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தி, வளைந்த பிப்பெற்றால் கீழிருந்து சில சொட்டுத் தொலுயீனை விட்டேன். அது மேலேறி ஆவியாக, பாதரசம் அறுபது மில்லிமீற்றர் இறங்கியது. முப்பது பாகை வெப்பத்தில் முப்பத்தேழுதான் இறங்க வேண்டும் என்றது புத்தகம். தொலுயீன் பழசாகிவிட்டது என்று நான் சோர்ந்துபோனேன். டீச்சர் குழாயை மெல்லச் சரித்தார். பாதரசம் நுனிவரை ஏறியும், அங்கே பயறளவு குமிழி ஒன்று எஞ்சி நின்றது.

"இது ஆவியில்ல டீச்சர். ஆவியெண்டா சரிக்கக்குள்ள திரவமாப் போயிரிக்கும். இது நம்மட பிப்பெற்று கொண்டுபோன காத்து" என்றார் என்னிடம்.

முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை சரித்தபோது குமிழி இல்லை. அளந்தால் முப்பத்தேழு. நான் டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் குதித்தேன்.

"கண்ணுக்குத் தெரியாத ஒண்டு இவ்வளவு பாரத்தத் தள்ளுதா?" என்றார் காக்கா.

"ஓம் காக்கா. சூடாக்கினா இன்னும் தள்ளும்."

வெந்நீர் ஊற்றினோம். நீர் ஆற ஆற, அளவுகோலைப் பார்த்து எண்களைச் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அசர் தொழுகைக்குப் போனவர், திரும்பி வரும்வரை அளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வரைபுத்தாளில் புள்ளிகள் மேல்நோக்கி வளைந்த அழகான கோடாக வந்தன. ஒன்று மட்டும் விலகி நின்றது. அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

"அதுவும் நாம அளந்ததுதானே, கிடக்கட்டும்" என்றார் டீச்சர்.

தவணை தொடங்கியதும் தாளைச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் முதலில் கேட்டது அந்தப் புள்ளியைப் பற்றித்தான். அன்றைய பாடம் மணியடித்த பிறகும் முடியவில்லை.