செவ்வாய்க்கிழமை செக்கப்

இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில புள்ளத்தாச்சிகளைப் பாக்குற நாள். எனக்கு ஏழாம் மாசம். கால் ரெண்டும் பூரி மாதிரி வீங்கிக் கெடக்கு.

டாக்டரம்மா வர்றது பத்தரைக்கு மேலதான்னு ஊருக்கே தெரியும். ஆனா என் மாமியார் எட்டரைக்கே என்னையப் பஸ் ஏத்திட்டாக.

"ஒம்பது மணிக்கு எமகண்டம் ஆரம்பிச்சிரும் ஆத்தா. வயித்துப்புள்ளையோட அந்த நேரத்துல வாசப்படி தாண்டக் கூடாது."

போய்ப் பாத்தா, அனுமந்தன்பட்டியில இருந்து கம்பம் வரைக்கும் எல்லா மாமியாரும் இதையேதான் சொல்லி அனுப்பியிருக்காக. பெஞ்சு நெறஞ்சு, பாதிப் பேரு தரையில.

பொறுத்துப் பாத்துட்டு நர்ஸம்மாகிட்ட கேட்டேன். "பாதிப் பேரை மட்டும் பதினொரு மணிக்கு மேல வரச் சொல்லலாம்லக்கா?"

"சொல்லாமலா இருப்போம்? டோக்கன்லயே நேரம் போட்டுக் குடுத்தோம். பதினொன்னு போட்டவுகளும் எட்டரைக்கே வந்து உக்காந்துக்கிட்டாக."

"அப்ப டாக்டரம்மாவையாச்சும் வெள்ளன வரச் சொல்லுங்க."

நர்ஸம்மா குரலைக் கொறைச்சுக்கிட்டாக. "அவுக எப்படிம்மா வருவாக? எமகண்டம் முடிஞ்சாத்தான் காரையே எடுப்பாக."

எனக்கு வந்த கோவத்துல வயித்துக்குள்ள புள்ளையே ஒரு ஒதை விட்டுச்சு.

ஆக, எமகண்டத்துக்குப் பயந்து நாங்க முன்னாடியே வந்துட்டோம். அதே எமகண்டத்துக்குப் பயந்து அவுக பின்னாடி வர்றாக. நடுவுல அந்த எமகண்டம் மொத்தத்தையும் பெஞ்சுல உக்காந்து அனுபவிச்சது நாங்கதான்.

அடுத்த செக்கப்பும் செவ்வாய்க்கிழமைதான். மாமியாரையும் டாக்டரையும் சேத்துச் சமாளிச்சவுக யாராச்சும் இருந்தா கீழ கமெண்ட்டுல வழி சொல்லுங்க. நல்ல நேரம் பாத்தெல்லாம் சொல்ல வேண்டாம், இப்பவே சொல்லுங்க.